கணு இல்லாத இதயம்

என் தங்கை பிறந்தநாள் பரிசாக எனக்கு ஒரு செடி கொடுத்தாள். செடி என்றது அவள். நான் கண்டது உள்ளங்கையில் அடங்கும் ஒரு தொட்டியையும், அதன் நடுவே மண்ணில் செருகி நிறுத்தியிருந்த ஒற்றை இலையையும்தான். தடித்த இலை, மெழுகுப் பளபளப்பு, துளிப் பிசகில்லாத இதய வடிவம். பெயர் ஹோயா கெர்ரி. “அக்கா, நீ மறந்தே போனாலும் இது சாகாது. தண்ணீரும் அவ்வளவாக வேண்டாமாம்” என்றாள். சொன்னது அத்தனையும் பலித்தது. இலை வாடவில்லை, பழுக்கவில்லை, ஒரு சுருக்கம்கூட விழவில்லை. வளரவும் இல்லை.

செடி செத்துப்போனால் ஒருநாள் வருத்தப்பட்டுவிட்டுத் தொட்டியைக் கழுவி வைத்துவிடலாம். இந்த இலை அதற்கும் வழி விடவில்லை. அதே ஜன்னலோரத்தில் ஒரு ஃபிலோடென்ட்ரான் கொடியும் இருக்கிறது. அதில் அடியிலை ஒன்று மஞ்சளித்து விழும். நுனியில் புதியது ஒன்று சுருள் பிரியும். வரவும் செலவும் நடந்துகொண்டே இருக்கும். ஒற்றை இலைக்கோ வரவுமில்லை, செலவுமில்லை. தூசி படிந்தால் ஈரத்துணியால் துடைப்பேன். காகிதம் பறக்காமல் வைக்கும் கல்லைத் துடைப்பதற்கும் இதைத் துடைப்பதற்கும் என்ன வேறுபாடு என்று ஒருநாள் தோன்றியது. தோன்றியது தோன்றியதுதான், பிறகு விடவே இல்லை. உயிருள்ள ஒன்று வருடக்கணக்கில் இம்மியும் நகராமல் இருக்குமா? இருந்தால் அதைச் செடிக் கணக்கில் சேர்ப்பதா, வேண்டாமா?

தங்கையிடம் கேட்டேன். “பச்சையாக இருக்கிறதா, இல்லையா? அதற்கு மேல் உனக்கு என்ன வேண்டும்?” என்று திருப்பிக் கேட்டாள். அவள் எதையும் லேசில் விட்டுக்கொடுப்பவள் அல்ல. “ரணகள்ளி இலையைப் பிய்த்து மண்ணில் போட்டால் விளிம்பெல்லாம் குட்டிச் செடி முளைக்கவில்லையா? இதுவும் ஒருநாள் முளைக்கும், பார்” என்றாள். வாதம் பொய்யில்லை. ரணகள்ளி மட்டுமல்ல, ஆப்பிரிக்க வயலெட், பல பெகோனியாக்கள், பெப்பரோமியாக்கள் எல்லாமே ஓர் இலையிலிருந்து முழுச் செடியாகக் கூடியவைதான். பெப்பரோமியாவில் சில, இதய வடிவ இலைக்காகவே வாங்கப்படுபவை. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று நானும் பொறுத்தேன்.

தொட்டியைக் கவிழ்த்தபோது

பொறுமை தீர்ந்த ஒரு மாலையில் பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் தொட்டியைக் கவிழ்த்தேன். வேர் அழுகியிருக்கும், அல்லது வேரே இருக்காது என்றுதான் எதிர்பார்த்தேன். வெளியே வந்தது தொட்டியின் அச்சிலேயே இறுகிப் போயிருந்த ஒரு மண்கட்டி. அதன் அடியைச் சுற்றி வெள்ளை வெளேரென்று வேர்கள் வளையம் வளையமாக ஓடியிருந்தன. அழுகல் வாடை இல்லை. நல்ல ஈரமண் வாடை. குழாயடியில் பிடித்து மெல்ல மண்ணைக் கழுவினேன். இலைக்காம்பு மண்ணுக்குள் அரை விரல்கூட இறங்கியிருக்கவில்லை. அதன் முனை குறுக்கே நேராக வெட்டப்பட்டு, வெட்டுவாய் பழுப்பு நிறத்தில் காய்ப்புப் பிடித்துப் புடைத்திருந்தது. அந்தப் புடைப்பிலிருந்துதான் அத்தனை வேரும் நாலாபுறமும் கிளம்பியிருந்தன. உருப்பெருக்கியை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வேர், வேர், வேர். மேல்நோக்கிக் கிளம்பும் எண்ணமுள்ள ஒரு புள்ளிகூட இல்லை.

எனக்கு விஷயம் தெளிந்தது அப்போதுதான். அந்த இலை சும்மா இருக்கவில்லை. அத்தனை நாளும் வெளிச்சத்தை வாங்கி, உணவு தயாரித்து, அதைக் கீழே அனுப்பி வேர் விட்டிருக்கிறது. அதன் கையில் இருந்த ஒரே வேலை அதுதான். கொடியில் இலைக்காம்பு தண்டோடு சேரும் மூலையில் ஒரு சிறு மொட்டு இருக்கும். பள்ளிப் பாடத்தில் கோண மொட்டு என்று படித்திருப்போம். அடுத்த கிளையும் அடுத்த இலையும் அதிலிருந்துதான் வர வேண்டும். அந்த மொட்டு தண்டின் கணுவில் இருக்கிறதே தவிர, இலையில் இல்லை. காம்போடு இலையை மட்டும் வெட்டி எடுத்தால் மொட்டு தாய்க்கொடியிலேயே தங்கிவிடுகிறது. ரணகள்ளியின் இலை விளிம்பில் குட்டிச் செடிக்கான வித்து முன்கூட்டியே உட்கார்ந்திருக்கிறது. பெகோனியா இலையால் வெட்டிய இடத்தில் புதிதாக மொட்டு உண்டாக்கிக்கொள்ள முடிகிறது. ஹோயா இலை வேரோடு நின்றுவிடுகிறது.

ஏன் வேர் மட்டும் வருகிறது, தளிர் வருவதில்லை என்பதற்கு ஓரளவு விடை 1957-இல் ஸ்கூக், மில்லர் என்ற இருவர் புகையிலைத் திசுவில் செய்து காட்டிய சோதனையில் இருக்கிறது. ஆக்ஸின், சைட்டோகைனின் என்று இரண்டு வளர்ச்சிப் பொருள்கள். திசுவுக்கு ஆக்ஸின் ஓங்கிய கலவையைக் கொடுத்தால் வேர் வந்தது. சைட்டோகைனின் ஓங்கினால் தளிர் வந்தது. இலை தன் பங்குக்கு ஆக்ஸினைத் தயாரித்து அடிக்காம்புக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். வேர் விடுவதற்கு அது தோதுதான். தளிர் விடுவதற்கு அது மட்டும் போதாது.

இதைச் சொன்னதும் தங்கைக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்படியானால் என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்கிறாயா?” என்றாள். இதற்கு இன்றுவரை ஒரே பதில் என்னிடம் இல்லை. ஒற்றை இலையை விற்பதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. கொய்து வைத்த பூவைவிட நூறு மடங்கு நாள் தாங்குகிறது, அழகாகவும் இருக்கிறது. தொட்டியில் மண் போட்டு, வேர் விட வைத்து, வளர்ப்புக் குறிப்பும் ஒட்டி, இது வளரும் என்று வாங்குபவர் நம்புகிறபடி விற்பதில்தான் என் சண்டை. எல்லாத் தொட்டியும் அப்படி என்றும் சொல்லிவிட முடியாது. சிலவற்றில் காம்போடு தண்டின் ஒரு சிறு துண்டும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும்; அதில் கணு இருந்தால், நெடுநாள் கழித்தாவது கொடி கிளம்பும். வாங்குவதற்கு முன் காம்படி மண்ணை விரலால் லேசாக விலக்கிப் பார்த்தால் போதும், தெரிந்துவிடும். இலையை மண்ணில் மறுபடி நட்டேன். தங்கை அதைத் தன் அலுவலக மேசைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வளராத ஒன்றுதான் அங்கே வசதியாம்.

பிளவு எந்தப் பக்கம்?

அந்த மாலைக்குப் பிறகு இதய வடிவ இலைகளை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. முதலில் கண்ணில் பட்டது, எல்லா இதயமும் ஒரே பக்கம் பிளந்திருக்கவில்லை என்பது. ஃபிலோடென்ட்ரான், மணி பிளாண்ட், ஆந்தூரியம் எல்லாவற்றிலும் பிளவு காம்புப் பக்கம், நுனி கூர். வெற்றிலையும் பூவரசும் சீந்திலும் இந்த வகைதான். ஹோயா கெர்ரியில் தலைகீழ். காம்புப் பக்கம் குறுகி, நுனியில் பிளந்திருக்கும். அதனால்தான் அதைச் செங்குத்தாக மண்ணில் செருகினால் வாழ்த்து அட்டையில் வரும் இதயம் நிமிர்ந்து நிற்கிறது. ஃபிலோடென்ட்ரான் இலையை அப்படிச் செருகினால் கவிழ்ந்த இதயம்தான் கிடைக்கும். இந்த ஒரு தற்செயல்தான் கெர்ரியின் தலையெழுத்தை எழுதியது என்று நினைக்கிறேன். கெர் என்ற மருத்துவர் தாய்லாந்தின் சியாங் மாய்ப் பகுதியில் சேகரித்து, 1911-இல் கிரெய்ப் என்ற தாவரவியலாளர் விவரித்துப் பெயரிட்ட கொடி அது. மரத்தின்மேல் பல மீட்டர் ஏறிப் படரும். கொத்துக் கொத்தாகப் பூத்துத் தேன் வடிக்கும். அதை இலை இலையாகக் கழித்துத்தான் விற்கிறார்கள்.

அடுத்து உறைத்தது, நாம் ஆசைப்படும் இதயங்களில் பாதி குழந்தைப் பருவத்து இலைகள் என்பது. மணி பிளாண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பசிபிக்கில் உள்ள மொரேயா தீவுதான் அதன் பூர்வீகம். தொட்டியிலிருந்து தொங்கும் கொடியில் இலை ஒரு சாணைத் தாண்டுவதில்லை. அதே கொடி ஒரு பெரிய மரத்தைப் பற்றிக்கொண்டு ஏறட்டும், தண்டு தடித்து, இலை ஒரு மீட்டர் நீளம் வரை விரிந்து, ஓரங்கள் கிழிந்து, இதயமாவது மண்ணாவது என்று வேறு ஆளாகிவிடும். மான்ஸ்டெராவின் முதல் இலைகளில் ஓட்டையும் கிடையாது, கிழிசலும் கிடையாது. பார்த்தால் சாதுவான இதயம். சிங்கோனியம் இளமையில் பிரிவில்லாத இலை விடும், கொடி முதிர்ந்ததும் வரும் இலைகள் பல விரலாகப் பிரிந்திருக்கும். ஆக, இதயம் வேண்டுமென்றால் இவற்றைத் தொங்கவிட வேண்டும், பெரிய இலை வேண்டுமென்றால் நார் சுற்றிய கம்பு ஒன்றை ஊன்றி ஏற்றிவிட வேண்டும். கம்பை ஈரமாக வைத்தால் கணுவிலிருந்து பற்றுவேர் பிடித்துக்கொள்ளும். இரண்டும் வேண்டும் என்பவர்கள் இரண்டு தொட்டி வைத்துக்கொள்ளலாம்.

மணி பிளாண்ட் இதில் இன்னும் ஒரு படி மேலே. அது பூப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம், அவ்வளவு அபூர்வம். பூவைப் பார்க்காமல் தாவரவியலாளர்கள் பட்ட பாடு பெரிது: 1880-இல் போத்தோஸ் என்ற பேரினத்தில் சேர்த்தார்கள், பிறகு சிண்டாப்சஸ் என்றார்கள், அபூர்வமாக ஒரு பூ கிடைத்ததும் 1962-இல் ராஃபிடோஃபோரா என்றார்கள், 1964-இல்தான் எபிப்ரெம்னம் என்ற இன்றைய பெயரில் வந்து நின்றார்கள். பூக்காததன் காரணம் 2016-இல் தெரிந்தது. ஜிப்பரெல்லின் என்ற வளர்ச்சிப் பொருளைத் தயாரிக்கும் பாதையில் அதற்கு ஒரு மரபணுக் குறை. அந்தப் பொருளை வெளியிலிருந்து தெளித்தபோது பூத்தது. நம் ஜன்னல்களில் தொங்குவது பெரும்பாலும் விதையைக் காணாமல், கணுக் கணுவாக வெட்டி நட்டே உலகம் முழுக்கப் பரவியது. கணு இருந்தால் ஒரு செடிக்கு எவ்வளவு தூரம் போக முடிகிறது!

வாங்கும்போது நான் பார்ப்பது

இலையின் அழகைக் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் தண்டு: கணுக்களுக்கு இடையே தூரம் அதிகமென்றால் அந்தக் கொடி இருட்டில் வளர்ந்து, வெளிச்சம் தேடி நீண்டிருக்கிறது. அடுத்து இலையின் அடிப்பக்கமும் காம்பு மூலையும்: மாவுப்பூச்சி பஞ்சுத் துணுக்காக ஒளிந்திருக்கும் இடம் அது. பிறகு நுனி: புதுத் தளிர் ஒன்று வந்துகொண்டிருந்தால் போதும். ஃபிலோடென்ட்ரானையும் மணி பிளாண்டையும் மாற்றி மாற்றி எழுதி வைத்திருப்பார்கள். அதையும் நுனியைப் பார்த்தே பிரித்துவிடலாம். ஃபிலோடென்ட்ரானில் புது இலை மெல்லிய உறைக்குள்ளிருந்து வரும். இலை விரிந்ததும் உறை காய்ந்து காகிதம்போல் உதிரும். இளந்தளிரில் செம்புச் சாயலும் தெரியும். மணி பிளாண்டில் அந்தத் தனி உறை இல்லை. முந்தைய இலையின் காம்பை ஒட்டிப் புது இலை சுருண்டு வரும், காம்பின் மேல்பக்கத்தில் விரலால் தடவினால் தெரியும் ஒரு வாய்க்கால் இருக்கும். வளர்ப்பதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பெயர் தெரிந்தால் ஒரு திருப்தி, அவ்வளவுதான்.

வளர்ப்பில் எல்லோரும் தண்ணீரைப் பற்றியே கேட்கிறார்கள். வெளிச்சத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் நம் கண் நம்மை ஏமாற்றுகிறது. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். திறந்தவெளியில் உச்சி வெயில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். மேகம் மூடிய பகலில்கூடப் பல ஆயிரம் இருக்கும். அறையின் நடுவே, நாம் வெளிச்சமாக இருக்கிறது என்று நினைத்து உட்கார்ந்து படிக்கும் இடத்தில், சில நூறுதான். கண் பாப்பா விரிந்து சரிக்கட்டிக்கொள்வதால் நமக்கு வேறுபாடு தெரிவதில்லை. இலைக்கு அந்த வசதி கிடையாது. “குறைந்த வெளிச்சத்திலும் வளரும்” என்ற வாக்கியத்தை நான் “குறைந்த வெளிச்சத்திலும் சாக நாளாகும்” என்றுதான் படிக்கிறேன். நேர்வெயில் படாமல், ஆனால் செடி நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் வானம் தெரிகிற மாதிரி வையுங்கள். வெள்ளையும் மஞ்சளும் தெளித்த வகைகளுக்கு இன்னும் சற்று அதிகம் வேண்டும். வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லாததால் மீதிப் பச்சைதான் மொத்தச் செடிக்கும் உழைக்கிறது. இருட்டில் வைத்தால் பச்சையான கிளைகளே முந்திக்கொண்டு ஓடும்.

தண்ணீர் விஷயம் எளிது, செய்வதுதான் கஷ்டம். வேருக்கு நீர் மட்டுமல்ல, காற்றும் வேண்டும். மண்ணில் இடைவெளியெல்லாம் நீர் நிரம்பினால் வேர் மூச்சுமுட்டி அழுகும். அழுகிய வேரால் நீரை இழுக்க முடியாது என்பதால் இலை வாடும். வாடுகிறதே என்று இன்னும் ஊற்றுவோம். இந்தச் சுழலில்தான் பெரும்பாலான வீட்டுச் செடிகள் போய்ச் சேருகின்றன. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும், அடித்துளை வழியே வடியும்வரை ஊற்ற வேண்டும். தொட்டியைத் தூக்கிப் பார்த்து எடையிலேயே கண்டுபிடிக்கப் பழகிவிட்டால் விரலும் தேவையில்லை. ஃபிலோடென்ட்ரான் இலை நுனியில் காலையில் ஒரு துளி நீர் நிற்பதைப் பார்த்துச் சிலர் பயப்படுகிறார்கள். இரவில் வேர் தள்ளும் நீர் இலை நுனி வழியே கசிகிறது, நோய் அல்ல.

கலேடியத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிவப்பும் வெள்ளையும் இழைந்த பெரிய இதயங்கள். சில மாதம் ஆடம்பரமாக நின்றுவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்து, கடைசியில் வெறும் மண் மிஞ்சும். செத்துவிட்டது என்று குப்பையில் கொட்டுகிறார்கள். மண்ணுக்குள் கிழங்கு நன்றாக இருக்கிறது, ஓய்வெடுக்கிறது. தண்ணீரை நிறுத்தி, குளிர் தாக்காத இடத்தில் தொட்டியை ஒதுக்கி வைத்தால் பருவம் வரும்போது மறுபடி முளைக்கும். என் ஒற்றை ஹோயா இலையையும் வெறும் மண்ணாகத் தெரியும் ஒரு கலேடியம் தொட்டியையும் அருகருகே வைத்து எது உயிரோடு இருக்கிறது என்று கேட்டால், பத்துக்கு ஒன்பது பேர் இலையைத்தான் காட்டுவார்கள். அவர்கள் சொல்வது பொய் என்றும் சொல்ல முடியாது.

வீட்டில் பூனையோ நாயோ தவழும் குழந்தையோ இருந்தால் தேர்வே மாறிவிடும். ஃபிலோடென்ட்ரான், மணி பிளாண்ட், சிங்கோனியம், ஆந்தூரியம், கலேடியம் எல்லாம் ஒரே சேம்புக் குடும்பம். இலையில் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் இருக்கின்றன. மென்றால் வாய் எரியும், வீங்கும், எச்சில் ஒழுகும். அப்படிப்பட்ட வீடுகளுக்கு ஹோயா, பெப்பரோமியா, இதயச் சரம் எனப்படும் செரோப்பீஜியா ஆகியவைதான் என் பரிந்துரை. செரோப்பீஜியா தன் நூல்போன்ற கொடியிலேயே கணுவுக்குக் கணு மணி மணியாகக் கிழங்கு கட்டும். அந்த மணியை மண்மேல் வைத்து அழுத்திவிட்டால் வேர் விட்டுவிடும். காற்றைச் சுத்தம் செய்யும் என்பதற்காக வாங்குகிறேன் என்பவர்களுக்கு: 1989-இல் நாசா ஆய்வு நடந்தது உண்மைதான், ஆனால் மூடி முத்திரையிட்ட பெட்டிக்குள் நடந்தது. 2019-இல் இத்தகைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டவர்கள், ஜன்னல் காற்றோட்டத்துக்கு ஈடாக ஒரு சதுர மீட்டர் தரைக்குக் குறைந்தது பத்துச் செடியாவது வேண்டும் என்றார்கள். ஜன்னலைத் திறப்பது சுலபம்.

எனக்கென்று பிறகு ஒரு ஹோயா கெர்ரி வாங்கினேன், தண்டோடு. இரண்டே இலை, அதிலும் ஒன்றில் தழும்பு. கணு தெளிவாகத் தெரிந்ததால் எடுத்தேன். மரப்பட்டைத் துண்டும் பெர்லைட் என்ற லேசான வெள்ளைத் துகளும் கலந்த, நீர் நிற்காத கலவையில் நட்டேன். அதுவும் ஒரு பருவம் முழுக்கச் சும்மாதான் நின்றது. திடீரென்று ஒரு கணுவிலிருந்து இலையே இல்லாத மொட்டைச் சாட்டை ஒன்று முழ நீளத்துக்குக் கிளம்பியது. வீட்டுக்கு வந்திருந்த தங்கை அதைப் பார்த்துவிட்டு, “என்ன அக்கா இது, அசிங்கமாக நீட்டிக்கொண்டு?” என்று கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள். பாய்ந்து தடுத்தேன். ஹோயா முதலில் வெறும் கொடியை நீட்டிப் பற்றிக்கொள்ள இடம் தேடும், இலை பின்னால் வரும். பூத்த பிறகு மிஞ்சும் குட்டைக் காம்பையும் வெட்டக்கூடாது. அடுத்த கொத்து அதே காம்பிலிருந்துதான் வரும். “அப்படியானால் இதில் எதைத்தான் வெட்டலாம்?” என்றாள். கணுவுக்குக் கீழே வெட்டினால் அவளுக்கு ஒரு துண்டு தரலாம் என்றேன். சாட்டையில் இலை வரட்டும் என்று இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். அதுவரை வளைந்த கம்பி ஒன்றைத் தொட்டியில் ஊன்றி, சாட்டையை அதில் சுற்றிவிட்டிருக்கிறேன்.